முப்பத்தைந்தில் ஒரு பங்கு

(இயற்பியல், பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு)

விண்ணப்பப் படிவம் எதுவானாலும் அதில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கோடு விட்டிருப்பார்கள். நம்மில் பலர் அதில் 'நூல் படித்தல், கிரிக்கெட்' என்று எழுதிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவோம். நான் 'டாங்கி செய்தல்' என்று எழுதுகிறேன். படிப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். "தண்ணீர்த் தொட்டியா தம்பி?" என்று கேட்டவர்களும் உண்டு. தண்ணீர்த் தொட்டி கட்டுவது என் தந்தையாரின் தொழில், அவர் கொத்தனார். நான் செய்வது போர்க்களத்தில் ஓடும் டாங்கியின் சிறு உருவம்.

ஆனால் அந்தக் கேள்வியிலும் ஓர் உண்மை உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டன் இந்தக் கவச ஊர்தியை மறைவாகச் செய்தது. செய்தி பகைவர் காதுக்கு எட்டிவிடக் கூடாது என்பதற்காக, தண்ணீர் சுமக்கும் தொட்டி என்றே பேச்சுக்குச் சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கிய பிறகும் 'டாங்கி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, தந்தை கட்டுவதும் தொட்டி, மகன் கட்டுவதும் தொட்டி!

நாங்கள் நால்வர். வரலாற்றுத் துறை நண்பன் ஒருவன், கணிதத் துறை நண்பன் ஒருவன், விலங்கியல் துறைத் தோழி ஒருத்தி, நான். ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டின் பின்புறத் தகரச் சார்ப்பில் கூடுவோம். நால்வருக்கும் ஒரே கத்தரிக்கோல், ஒரே இரும்பு அளவுகோல், மூன்று தூரிகைகள். தேநீர் மட்டும் தனித்தனி.

வெளிநாடுகளில் இது பெரிய கலை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் இருக்கும் டாமியா நிறுவனத்தின் பெட்டிகள் உலகெங்கும் போகின்றன. பெட்டியைத் திறந்தால் சக்கரம், கவசம், பீரங்கி எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் வரிசையாக இருக்கும். வெட்டி, ஒட்டி, வண்ணம் பூச வேண்டியதுதான். அவற்றில் பெரும்பாலானவை உண்மை டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்றால் கணக்குக்கு எளிது, ஏன் முப்பத்தைந்து? அந்த நிறுவனத்தை வளர்த்த ஷுன்சாகு டாமியா தம் நூலில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். அவர்கள் முதலில் செய்த 'பாந்தர்' டாங்கி மோட்டாரால் ஓடுவது. உள்ளே இரண்டு மின்கலங்கள் அடங்கும்படி அதன் அளவை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்ததாம்! இரண்டு மின்கலங்கள் வகுத்த விதியை இன்று உலகமே பின்பற்றுகிறது.

அப்படி ஒரு பெட்டியின் விலைக்கு என் தந்தையார் எத்தனை நாள் சாரத்தின் மேல் நிற்க வேண்டும் என்று ஒரு நாள் கணக்கிட்டுப் பார்த்தேன். பெட்டியின் ஆசை அன்றோடு போயிற்று. எல்லாவற்றையும் நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. எந்த டாங்கி என்பதிலும் அதிக விவாதம் இல்லை. நம் ஆவடியில் உருவான விஜயந்தாவை விட்டு வேறு எதைச் செய்வது? ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு அங்கே செய்யப்பட்ட விஜயந்தா 1965 டிசம்பரில் படையில் சேர்ந்தது; 1971 போரிலும் பங்கேற்றது. இன்று அது பணி ஓய்வு பெற்று, நாட்டின் பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

கணித நண்பன் சிலேட்டில் கணக்குப் போட்டான். உடல் நீளம் 7.92 மீட்டர், எங்களுக்கு 22.6 சென்டிமீட்டர். அகலம் 3.17 மீட்டர், எங்களுக்கு 9 சென்டிமீட்டர். பீரங்கிக் குழாயின் உள்விட்டம் 105 மில்லிமீட்டர். எங்களுக்குச் சரியாக 3 மில்லிமீட்டர். முன்புறக் கவசத்தின் தடிப்பு 80 மில்லிமீட்டர், எங்களுக்கு 2.3 மில்லிமீட்டர். எடைக்கு வந்தபோது இயற்பியல் நுழைந்தது. நீளம் முப்பத்தைந்தில் ஒரு பங்கானால் எடையும் முப்பத்தைந்தில் ஒரு பங்காகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் முப்பத்தைந்தை மூன்று முறை பெருக்கிய 42,875-இல் ஒரு பங்காகும். 39 டன் எடையுள்ள டாங்கி அப்படிச் சுருங்கினால் 910 கிராம்! ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் குறைவு. பாடப்புத்தகத்தில் படித்த கன விதியை அன்று கையில் தூக்கிப் பார்த்தது போல் இருந்தது.

உடலுக்கும் மேலே சுழலும் கூண்டுக்கும் சன்போர்டு. மெல்லிய தகடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரங்களுக்குத் தையற்கடையில் வாங்கிய கோட்டுப் பொத்தான்கள். சங்கிலிப் பட்டைக்குச் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, அதன் மேல் வரிசையாக ஒட்டிய அட்டைத் துண்டுகள். பீரங்கிக்குப் பேனா ரீஃபில். அதன் மேல் காகிதம் சுற்றிப் பருமன் ஏற்றினோம்.

வண்ணம் பூசுவதுதான் இதில் உயிரான வேலை. கடையில் வாங்கிய பச்சையை அப்படியே பூசினால் அது பொம்மையாகிவிடும். காரணம் காற்று. ஒரு மீட்டர் தள்ளி நின்று இந்த மாதிரியைப் பார்ப்பது, உண்மை டாங்கியை 35 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். இடையே உள்ள காற்றும் தூசியும் நிறத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே பச்சையில் சிறிது மணல் நிறம் கலந்து வெளுப்பாக்க வேண்டும். அது காய்ந்ததும், மிக நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட வேண்டும். அது இடுக்குகளில் தங்கி நிழலாகும். அதுவும் காய்ந்த பின், தூரிகையில் வெளிர் வண்ணம் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளை மட்டும் தடவ வேண்டும். அது வெயில் படும் இடமாகும். தோழியின் கை இதில் தேர்ந்த கை. தவளையின் நரம்பைப் பிரித்தெடுத்துப் படம் வரைந்த கையல்லவா!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "படிக்கிற புள்ளைக்கு இது எதுக்கு?" என்று அம்மா அடிக்கடி கேட்பார். தந்தையார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாலை வேலை முடிந்து வந்தவர், கைகால் கழுவிவிட்டு எங்கள் அருகில் குந்தி உட்கார்ந்தார். கூண்டின் மேல்மூடி அப்போது இன்னும் போடவில்லை. டாங்கியைக் கையில் எடுத்து, ரசமட்டம் பார்ப்பவர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதுல எத்தனை ஆளு இருப்பாங்க?"

"நாலு பேருப்பா."

"வாசல் எங்க வெக்கப் போற?"

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீளம் கணக்கிட்டோம், எடை கணக்கிட்டோம்; உள்ளே இருப்பவர்களைப் பற்றி அதுவரை நாங்கள் பேசியதே இல்லை. வீடு கட்டுகிறவர் கேட்கும் முதல் கேள்வி அது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனிதர் அவர். ஆனால் கட்டட வரைபடத்தின் மேல் விரலை வைத்து, இந்த அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்று பொறியாளரிடமே சொல்லக்கூடியவர். அளவு என்பது மனிதன் புழங்குவதற்காக ஏற்பட்டது என்பதை நான் அவரிடம் கற்றேன்.

வாசலைத் தேடி எங்கள் தெருவின் 'பட்டாளத்துத் தாத்தா'விடம் போனோம். அவர் 1972-இல் படையில் சேர்ந்து விஜயந்தாவில் குண்டேற்றுபவராக இருந்தவர். மாதிரியை மேசையில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். "டிரைவர் தனியா முன்னால வலப்பக்கம் படுத்தாப்ல இருப்பான். மத்த மூணு பேரும் மேல கூண்டுல. கமாண்டரும் சுடறவனும் வலப்பக்கம், நான் இடப்பக்கம். ராஜஸ்தான் வெயில்ல கவசத்து மேல கைய வெக்க முடியாது. உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு உலகமே ரெண்டு விரல் அகலக் கண்ணாடிதான்." பிறகு சிரித்துக்கொண்டே, "மூடிய மூடி ஒட்டிப்புடாதீங்க தம்பி. தொறந்தாப்ல வையுங்க. காத்து வரட்டும்" என்றார்.

இயற்பியல் மன்றக் கண்காட்சி நெருங்கியது. டாங்கியைத் தனியே வைப்பதா, ஒரு காட்சியாக அமைப்பதா என்ற பேச்சு வந்தது. வரலாற்று நண்பன் போர்க்களமே வேண்டும் என்றான். பஞ்சில் கரும்புகை, சிவப்புத் தாளில் நெருப்பு, மணலில் வீழ்ந்து கிடக்கும் வீரர் இருவர். அந்த உருவங்களுக்குத் தோழிதான் வண்ணம் பூச வேண்டும். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என் அண்ணன் இப்ப லடாக்ல இருக்கான். செத்துக் கிடக்கிற ஆளுக்கு நான் பெயிண்டு அடிக்க மாட்டேன்."

"அப்ப போர்னா டீ குடிக்கிறதுனு காட்டலாமா? அதுவும் பொய்தானே?" என்றான் அவன். பிறகு அருண் கேத்ரபாலைப் பற்றிச் சொன்னான். 1971 டிசம்பர் 16. பசந்தர் போர். இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் ஏறியிருந்த சென்சூரியன் டாங்கி தீப்பற்றியது. வெளியேறும்படி ஆணை வந்தது. பீரங்கி இன்னும் சுடும் நிலையில் இருக்கிறது என்று சொல்லி அவர் வெளியேற மறுத்தார். அந்த டாங்கியிலேயே உயிர் நீத்தார். நாடு அவருக்குப் பரம்வீர் சக்ரா விருது அளித்தது. "அவருக்கு வயசு இருபத்தொண்ணுடா. உன்னைவிட ஒரு வயசு பெரியவர். இதை மறைச்சிட்டு டாங்கியை மட்டும் அழகாக் காட்டறது நியாயமா?"

இருவர் பக்கமும் உண்மை இருந்தது. அதனால்தான் விடை கிடைக்கவில்லை. இரண்டு ஞாயிறுகள் சார்ப்பு காலியாகக் கிடந்தது. கண்காட்சியைவிட எங்கள் நட்பு என்னாகுமோ என்ற கவலையே எனக்குப் பெரிதாக இருந்தது.

இதிலும் தாத்தாதான் கைகொடுத்தார். "சுடறது கொஞ்ச நேரம்தான் தம்பி. சங்கிலி மாட்டறது, எண்ணெய் போடறது, பீரங்கிக் குழாயத் தொடைக்கிறது, லெட்டர் எழுதறது, இதுலதான் எங்க காலமெல்லாம் போச்சு. அதுவும் பட்டாளம்தான்" என்றார். அவர் சொன்னபடியே காட்சி அமைந்தது. பாலைவனத்தில் ஒரு காலை நேரம். கூண்டின் மூடி திறந்திருக்கிறது; ஒருவர் அதன் விளிம்பில் அமர்ந்து தொலைவைப் பார்க்கிறார். ஒருவர் சுத்தியலோடு சங்கிலியைச் சரிபார்க்கிறார். ஒருவர் கையில் தேநீர்க் குவளை. நான்காமவர் சக்கரத்தில் சாய்ந்து கடிதம் எழுதுகிறார். ஒவ்வோர் உருவமும் ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கடிதம் எழுதுபவருக்குத் தோழி தன் அண்ணனின் மீசையை வைத்துவிட்டாள்.

வரலாற்று நண்பனின் நியாயத்தையும் விடவில்லை. மாதிரியின் முன்னால் ஒரு வெள்ளை அட்டை வைத்தோம். அருண் கேத்ரபாலின் பெயர், நாள், இடம், வயது. வேறொரு சொல் இல்லை. அவனே தன் அழகிய கையெழுத்தில் எழுதினான்.

அடித்தளத்தை என் தந்தையார் போட்டுத் தந்தார். ஆற்று மணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர், "இது உங்க டாங்கிக்குக் கூழாங்கல்லாட்டம் இருக்குமே" என்று சொல்லி, தேநீர் வடிகட்டியில் மூன்று முறை சலித்தார். முப்பத்தைந்தில் ஒரு பங்கு மணல்! சிமெண்டுப் பாலில் அதைத் தூவி, கரணையின் நுனியால் காற்று வரைந்த கோடுகளை இழுத்தார். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் அந்த ஓரடிப் பலகையில் தெரிந்தது. கண்காட்சியன்று வேலைக்குப் போகாமல், சலவைச் சட்டை அணிந்து கல்லூரிக்கு வந்தார். அவர் கல்லூரிக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. பார்வையாளர்கள் மணலைப் பாராட்டியபோது, "பையன் செஞ்சது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். நான் விடவில்லை, "மணல் எங்கப்பா போட்டது" என்று அனைவருக்கும் சொன்னேன்.

நண்பர்களே! போர்க்கருவியைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சொல்லக்கூடியது இவ்வளவே. திரையில் ஒரு டாங்கி வெடிக்கும்போது முன்பெல்லாம் கைதட்டியிருக்கிறேன். இப்போது கை எழுவதில்லை. ஓட்டுநர் முன்னால் தனியாக இருப்பாரே, அவர் வாசல் திறந்ததா என்றுதான் மனம் தேடுகிறது. இரும்பைச் சுருக்கலாம், பீரங்கியைச் சுருக்கலாம். உள்ளே இருக்கும் உயிரை எந்த விகிதத்திலும் சுருக்க முடியாது.

அடுத்து ஒரு நீராவி ரயில் எஞ்சின் செய்ய எண்ணியிருக்கிறோம். விருப்பமுள்ள தோழர்களும் தோழியரும் ஞாயிறு மாலை வரலாம். கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று கொண்டுவருபவருக்கு முதல் வரவேற்பு!