விஞ்ஞாபனமும் விண்ணப்பமும்

திருவனந்தபுரத்தில் அரசு வேலைக்குப் படிக்கும் இளைஞர்களின் வாயில் ஓயாமல் புரளும் சொல் விஞ்ஞாபனம். பட்டம் பகுதியிலுள்ள அரசுப் பணித் தேர்வாணைய (பி.எஸ்.சி.) அலுவலகம் அதை வெளியிட்டால்தான் விண்ணப்பம் போடலாம், பரீட்சை எழுதலாம், ரேங்க் லிஸ்ட்டில் பெயர் வருமா என்று காத்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் காலையில் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சேட்டா, விஞ்ஞாபனம் வந்நு!" என்று போனை என்னிடம் நீட்டினான். மலையாளத்தில் விஞ்ஞாபனம், ஆங்கிலத்தில் நோட்டிஃபிகேஷன். இரண்டும் ஒரே வேலைக்கான சொற்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவையோ என்ற சந்தேகம் அன்றுதான் எனக்குத் தட்டியது.

பாளையத்தில் 1829-இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. அகராதிகளை விரித்து உட்கார அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. முதலில் லத்தீன் பக்கம் போனேன். அறிதலைக் குறிக்கும் லத்தீன் வினை நோஸ்கெரே. அதன் பழைய வடிவம் க்னோஸ்கெரே. முன்னால் இருந்த 'க்' தனியாக நின்றபோது உதிர்ந்துவிட்டது. முன்னொட்டு வந்து அணைத்துக்கொண்ட இடங்களில் பிழைத்தது. அதனால்தான் நோட்டீஸ், நோஷன், நோபிள் ஆகியவற்றில் அந்த ஒலி இல்லை. காக்னிஷன், ரெகக்னைஸ், இக்னோர் ஆகியவற்றில் இருக்கிறது. நோபிள் என்றால் முதலில் உயர்குலத்தவன் அல்ல, நாலு பேருக்குத் தெரிந்தவன். கதை சொல்வதைக் குறிக்கும் நரேட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான்: விஷயம் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வது. லத்தீன் வழி வராமல் ஆங்கிலத்துக்குச் சொந்தமாகவே இருக்கும் 'நோ' என்ற வினையில் அந்த முதலெழுத்து 'கே'யாக எழுத்தில் மட்டும் நிற்கிறது, உச்சரிப்பில் இல்லை.

சமஸ்கிருதத்தில் இதே வேர் ஜ்ஞா. ஞானம், பிரக்ஞை, ஞாபகம், விஞ்ஞானம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேர் ஒன்று என்பதல்ல, கட்டுமானமும் ஒன்றாக இருந்ததுதான். நோட்டிஃபை என்பது 'அறிந்தது', 'செய்' என்ற இரண்டு லத்தீன் துண்டுகளின் சேர்க்கை: அறியச் செய். விஞ்ஞாபனத்தில் ஜ்ஞா வேரோடு பிறவினை விகுதி ஒட்டியிருக்கிறது. அதற்கும் பொருள் அறியச் செய்தல். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வளர்ந்த இரண்டு மொழிகள் ஒரே வேரை எடுத்து, ஒரே வேலைக்கு, ஒரே மாதிரி வளைத்திருக்கின்றன.

சயின்ஸ் என்ற சொல்லையும் பலர் இதில் சேர்க்கப் பார்ப்பார்கள். தும்பாவில் ராக்கெட் விடும் ஊர் என்பதால் இங்கே விஞ்ஞானம் என்றாலே சயின்ஸ்தான். பொருள் ஒட்டுகிறது, வேர் ஒட்டாது. அது ஸ்கீரே என்ற வேறு லத்தீன் வினையின் வழி வந்தது. வெட்டிப் பிரித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து அது கிளைத்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள இந்த உறவை உலகம் கேட்கச் சொன்னவர் வில்லியம் ஜோன்ஸ். 1786-இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். மூன்றாண்டு கழித்து அவரே காளிதாசனின் அபிஞ்ஞான சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். துஷ்யந்தன் மோதிரத்தைப் பார்த்து சகுந்தலையை நினைவுகொள்கிறானே, அந்த அடையாளந்தான் அபிஞ்ஞானம். ரெகக்னைஸ் என்ற சொல்லுக்கு நேர் உறவு. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு மருமகனான கேரளவர்ம வலிய கோயித்தம்புரான் இதே நாடகத்தை மலையாளத்தில் பெயர்த்ததால்தான் கேரள காளிதாசன் என்று பெயர் பெற்றார்.

தமிழில் இந்த வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தேடியபோதுதான் புதையல் கிடைத்தது. காரைக்காலுக்கு அருகே கசாக்குடியில் கிடைத்த செப்பேடுகள், எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் தன் 22-ஆம் ஆட்சியாண்டில் கொடுகொள்ளி என்ற ஊரைத் தானம் கொடுத்ததைச் சொல்கின்றன. அரசனிடம் வேண்டிக்கொண்டவர் பிரம்ம யுவராஜன், அது விண்ணப்பம். அரசன் சொன்னதை நிறைவேற்றும் பொறுப்பு கோரசர்மனுக்கு, அவர் ஆணத்தி. சமஸ்கிருதப் பகுதியில் விஜ்ஞப்தி, ஆஜ்ஞப்தி. அடியிலிருப்பவன் மேலே அறியச் செய்தால் விண்ணப்பம், மேலிருப்பவன் கீழே அறியச் செய்தால் ஆணத்தி. இரண்டும் ஒரே வேர், திசைதான் வேறு. ஒரு ராஜ்ஜியத்தின் முழு நிர்வாகமும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இவற்றில் ணகரம் வந்தது பிராகிருதத்தின் கைவரிசை. அங்கே ஜ்ஞ என்ற கூட்டெழுத்து ணகரமாகத் திரியும். ஞானமும் ஞாபகமும் ஞகரத்தோடு நிற்க, விண்ணப்பம் மட்டும் ணகரத்தோடு தமிழ்ச் சொல்லாகவே முகம் மாறிவிட்டது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் இதை வடமொழிவழிச் சொல்லாகத்தான் காட்டுகிறது. அந்த லெக்சிகனின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை வக்கீலாகத் தொழில் நடத்தியதும், பிற்காலத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். ஆக, பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கும் விஞ்ஞாபனமும், அதைப் பார்த்து அவன் போடுவதற்கு நான் தமிழில் சொல்லும் விண்ணப்பமும் அக்காள் தங்கை.

நம் சொந்தச் சொல் அறி. அதற்கும் ஜ்ஞாவுக்கும் உறவில்லை. தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் காட்டிய பிறகு அதில் குழப்பமில்லை. ஆனாலும் அறி என்ற வினை பிறவினையாகி அறிவி என்று ஆகிறது, அதிலிருந்து அறிவிப்பு. மலையாளத்தில் அறியிப்பு. லத்தீனும் சமஸ்கிருதமும் செய்ததை, அவற்றிடம் கேட்காமலே தமிழும் மலையாளமும் செய்திருக்கின்றன. தெலுங்கில் இதன் உறவு எறுகு, கன்னடத்தில் அறி. அந்த இரண்டு மொழிகளிலும் அரசன் ஊருக்குச் சொன்னதை எந்தச் சொல்லால் கல்லில் வெட்டினார்கள் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.