மகனைவிட இளைய அப்பா

மயிலாப்பூரில் ‘பொன்னியின் செல்வன்’ படிக்காதவர்கள் இருக்கலாம். அதில் யார் யார் நடிக்கவேண்டும் என்பதில் அபிப்பிராயம் இல்லாதவர்கள் கிடையாது. 1950இல் கல்கியில் தொடராக வர ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு நடிகர் பட்டியல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பட்டியலில் வந்தியத்தேவன் மட்டும் மூன்று தலைமுறை நடிகர்களைப் பார்த்துவிட்டான்.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்தது. பார்த்துவிட்டு வந்த பெரியப்பா சொன்னார்: “எல்லாம் சரிடா. ஆனா கரிகாலன் இருபது சொச்சம் வயசுப் பையன். விக்ரமுக்கு அம்பத்தாறு ஆச்சே?”

கணக்கு சரிதான், விக்ரம் 1966இல் பிறந்தவர். ஆனால் இதே பெரியப்பாதான் 2014இல் மேஜிக் லான்டர்ன் குழுவின் மேடை நாடகத்தில் பசுபதி கரிகாலனாக வந்தபோது கை வலிக்கத் தட்டியவர். பசுபதியும் அப்போது நாற்பதைத் தாண்டியவர்தான். இதைச் சொன்னதும், “அது வேற, இது வேற” என்றார். எது வேற என்று கேட்டேன். பதில் வரவில்லை. காபி வந்தது.

எது வேற என்று நானே யோசித்துப் பார்த்தேன். இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகனின் கண்ணோரச் சுருக்கம் தெரியாது. வயதைக் குரலும் நடையும் நிற்கிற விதமும்தான் சொல்லும். சினிமாவில் காமிரா முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது, தோல் தன் வயதைத் தானே சொல்லிவிடுகிறது. மேடையில் நாம் பாதியை நம்ப ஒப்புக்கொண்டு டிக்கெட் வாங்குகிறோம். திரையில் எல்லாவற்றையும் காட்டு என்று கேட்கிறோம்.

ஆனால் இதுவும் முழு பதில் இல்லை. ‘மேஜர் சந்திரகாந்த்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கே. பாலசந்தரின் நாடகம், 1966இல் படமாயிற்று. கண் தெரியாத ஓய்வுபெற்ற மேஜராக, இரண்டு வளர்ந்த பிள்ளைகளின் அப்பாவாக சுந்தரராஜன். மேடையிலும் அந்த வேஷம் அவருடையதுதான், ‘மேஜர்’ பட்டம் அதனால் ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்தது 1935. மூத்த மகனாக வரும் முத்துராமன் பிறந்தது 1929. அப்பா மகனைவிட ஆறு வயது சின்னவர்! இளைய மகன் ஏ.வி.எம். ராஜனும் அப்பாவின் வயதுக்காரர்தான். (ராஜன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ரஜினிகாந்த். பின்னால் பாலசந்தர் அதை எடுத்து யாருக்கு வைத்தார் என்று சொல்லத் தேவையில்லை.) காமிரா பக்கத்தில்தான் இருந்தது, ஆனாலும் யாருக்கும் உறுத்தவில்லை. சுந்தரராஜன் பலமுறை மேடையேறி, அந்த முதுமையைக் குரலிலும் முதுகிலும் பழக்கிக்கொண்டு வந்திருந்தார்.

இன்னும் பின்னால் போனால் பொருத்தம் என்கிற பேச்சே விநோதமாகிவிடும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் எல்லாமே பையன்கள். சிவாஜி சிறுவனாக சீதை வேஷம் போட்டவர். டி.கே. சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்ற அடைமொழி கிழவி வேஷத்தால் வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நந்தனாராகவே நடித்தார், அதற்கு லட்ச ரூபாய் சம்பளம். ஆண் பெண்ணாகலாம், பெண் ஆணாகலாம், பையன் கிழவியாகலாம். அந்தப் பையன்களுக்கு உண்மையான தகுதியிழப்பு ஒன்றுதான்: மகரக்கட்டு. குரல் உடைந்த அன்று பழைய பார்ட் போய்விடும். கண்ணுக்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம், காது ஒத்துக்கொள்ளாது.

பாரதியார் விஷயத்தில் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் எஸ்.வி. சுப்பையா பாரதி. ஞான ராஜசேகரனின் ‘பாரதி’யில் (2000) மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டே. முகத்தை மட்டும் புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தால் ஷிண்டேதான் பக்கத்தில் வருகிறார், அந்தக் கண்கள் அப்படி. ஆனால் குரல் இரவல். தமிழை மூச்சாக நினைத்த ஒருவரின் வாயசைவுக்கு வேறொருவர் மூச்சு விடுகிறார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் ஷிண்டே கட்சி. ஆனாலும் படம் பார்க்கும்போது கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமுமாக இழுப்பதை மறுக்கமாட்டேன்.

சரி, காது ஒத்துக்கொண்டால் யாரும் எதுவும் ஆகலாமா? ‘வியட்நாம் வீடு’ (1970) பிரெஸ்டீஜ் பத்மநாப ஐயரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியப்பா, “நம்மாத்துல யாரும் அவ்வளவு ஐயரா இருந்ததில்லடா” என்பார். சிவாஜி பிராமணர் இல்லை. வயது 41, வேஷமோ ஓய்வுபெறுகிற மனிதர். எல்லா எல்லைகளையும் தாண்டிப்போய் உட்கார்ந்தார், மயிலாப்பூர் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கதவு எல்லாருக்கும் அதே மாதிரி திறப்பதில்லை. ஐ.டி. ஆட்கள் சிலர் சேர்ந்து அடையாறில் ஒரு மொட்டை மாடியில் வார இறுதிகளில் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். என் டீமில் இருந்த தூத்துக்குடிப் பெண்ணும் வந்தாள். கதாநாயகி ஆழ்வார்பேட்டைக் குடும்பத்து மூத்த மருமகள். அவள் வாசித்துக் காட்டியபோது மாடியில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம். இயக்குநர், “ரொம்ப நல்லாப் பண்றீங்கம்மா. ஆனா அந்த வீட்டுப் பொண்ணு மாதிரி இல்லையே” என்றார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. வீட்டு வேலை செய்கிற அம்மா வேஷம் கிடைத்தது. தி. நகரில் ஒரு சின்ன அரங்கில் போட்டோம். அவளுக்குத்தான் அதிகக் கைதட்டல். திரும்பி வரும்போது சொன்னாள்: “பொருத்தமா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுதான் கஷ்டமா இருக்கு.”

எங்கள் தொழிலிலும் ‘காஸ்ட்’ என்ற சொல் உண்டு. ஒரு வகை மதிப்பை இன்னொரு வகையாக மாற்றுவது. 3.9ஐ முழு எண்ணாக காஸ்ட் செய்தால் பல மொழிகளில் 3 வரும். அந்த .9 எங்கே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள். எர்ரர் வராது, புரோகிராம் நன்றாகவே ஓடும்.

2019இல் இரண்டு மாதத்துக்குள் இரண்டு படங்கள் வந்தன. ‘பேரன்பு’வில் மம்மூட்டியோடு திருநங்கை பாத்திரத்தில் திருநங்கையான அஞ்சலி அமீர். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் ஷில்பாவாக விஜய் சேதுபதி. சேதுபதிக்கு தேசிய விருது கிடைத்தது, நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு ஷில்பா பல வேஷங்களில் ஒன்று. தாதாவாக, போலீஸாக, காதலனாக அவர் அடுத்த வாரமே மாறலாம். ஒரு திருநங்கை நடிகைக்கு அந்த ஒரே வகை வேஷம்கூட அபூர்வமாகத்தான் வருகிறது. அதற்காக அவரவர் வேஷத்தை அவரவர்தான் போடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சட்டம் போட்டால் என் தோழி காலத்துக்கும் அந்த வேலைக்கார அம்மாதான், சிவாஜிக்கும் பத்மநாப ஐயர் கிடையாது. பத்மநாப ஐயர் சிவாஜிக்குக் கிடைத்தது போல மூத்த மருமகள் அவளுக்கும் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பொருந்தாத வேஷங்களைப் பற்றி நாம் சளைக்காமல் சண்டை போடுகிறோம், போடவும் வேண்டும், அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையெல்லாம் வேஷம் கிடைத்தவர்களைப் பற்றியது. கிடைக்காதவர்களைப் பற்றிச் சண்டை போட நம்மிடம் படமும் இல்லை, போஸ்டரும் இல்லை. ஒரு மொட்டை மாடியில், ஒரு சாயங்காலம், பத்துப் பேர் மட்டும் கேட்ட ஒரு வாசிப்பு இருக்கிறது. அந்த மூத்த மருமகளை நான் இன்னும் மறக்கவில்லை.