கூடாரத்தில் ஓர் இரவு



சென்ற வாரம் தியானம் எழுதவில்லை. ஏன் என்று சிலர் விசாரித்தீர்கள். போதகர் மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய்விட்டார் என்ற செய்தி, நாங்கள் செவிலிமேட்டுப் பாலத்தைக் கடக்கும் முன்பே நம் வீதிகளில் பரவிவிட்டது என்றும் அறிந்தேன். உண்மைதான், போனேன். இந்த வயதில் இது தேவையா என்று ஒரு மூப்பர் கேட்டார். தேவை என்று அப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மற்றவர்களுக்கு வார இறுதி என்பது சனியும் ஞாயிறும். போதகனுக்கு அது வெள்ளியும் சனியும்தான். அந்தச் சனியையும் ஞாயிற்றுப் பிரசங்கம் பாதி தின்றுவிடும். காலாண்டு விடுமுறையில் இருந்த ஆசிரிய நண்பர் ஒருவர், ஜவ்வாது மலையில் ஓர் இரவு தங்கி வரலாம் என்று அழைத்தார். நம் சபை வாலிபன் ஒருவனும் சேர்ந்துகொண்டான். அவன் ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவன். அங்கே 2013 முதல் என்ஃபீல்டு வண்டிகள் உருவாகின்றன. அவற்றை நாள்தோறும் சாலையில் பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டு, தவணையில் ஒரு புல்லட் வாங்கியிருக்கிறான். "அப்பாவையும் கூட்டி வரட்டுமா ஐயா?" என்று கேட்டான். நான் ஒரு கணம் தயங்கினேன். அவனுடைய தகப்பனார் இரண்டு வருடமாக ஆலயத்துக்கு வருவதில்லை.

அவர் பட்டு நெசவாளர். இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எதிரே நின்றுகொண்டே, "தறி வேலை அதிகம் ஐயா, வருகிறேன்" என்பார். நானும் ஜெபம் செய்துவிட்டு எழுந்து வருவேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். புல்லட்டில் வாலிபனும் ஆசிரியரும். பதினான்கு வயதான என் 100 சிசி வண்டியில் நானும் நெசவாளரும். பாலாற்றைத் தாண்டி, தூசி, மாங்கால் கூட்ரோடு வழியாகச் செய்யாறு. அங்கிருந்து ஆரணி, போளூர். ஆரணியில் டீ குடித்தோம். அதுவும் பட்டு நெய்கிற ஊர். அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கேயும் சத்தம் குறைந்துவிட்டது" என்றார். அதைத் தவிர வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவனுக்குப் பேசாமலிருக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

போளூரிலிருந்து அத்திமூர் தாண்டியதும் மலைச்சாலை ஏறத் தொடங்குகிறது. இரண்டு ஆட்களையும், கூடாரம், பாய், பாத்திர மூட்டையையும் சுமந்த என் வண்டி முதல் கியரில் முனகிற்று. ஒரு வளைவில் அது நின்றே போகும் என்ற நிலை வந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது: "நான் இறங்கி நடக்கிறேன் ஐயா. வண்டி பாவம்." இறங்கி, மூட்டையில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மேலே போய்க் காத்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் புன்னகையோடு வந்தார்.

ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றித் தங்கக்கூடாது. ஆகவே ஆசிரியருக்குத் தெரிந்த ஒருவருடைய பட்டா நிலத்தில், சாமை வயலை ஒட்டிய மேட்டில், இரண்டு கூடாரங்கள் அடித்தோம். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். சோறு குழைந்துவிட்டது, கருவாட்டுக் குழம்பு அதைக் காப்பாற்றிற்று. இருட்டியதும் வானம் எங்கள்மேல் இறங்கி வந்ததுபோல் இருந்தது. இதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது என்றார் ஆசிரியர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. நகர வெளிச்சம் எட்டாத வானம் வேண்டும் என்பதால்தான் விஞ்ஞானிகள் இந்த மலையைத் தேடி வந்தார்கள். நம் ஊரில் கோபுர விளக்குகளுக்கும் கடைவீதி விளக்குகளுக்கும் நடுவே நான் எத்தனை நட்சத்திரம் பார்த்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு கூடாரத்துக்குள் இளையவனும் ஆசிரியரும் ஓடினார்கள். மற்றொன்றுக்குள் நானும் அவரும். என் கால்மாட்டில் ஒழுகிற்று. விளக்கை அணைத்தோம். முகம் தெரியாத இருட்டு. மழை ஓசைக்கு நடுவே அவர் பேசத் தொடங்கினார்.

"ஐயா, கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். உடலும் இரு கரைகளும் வேறு வேறு நிறமாய் வரும் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரே எல்லாவற்றையும் எறிய முடியாது. அந்தப் பக்கக் கரைக்கு உடன் ஓர் ஆள் உட்கார வேண்டும். அவருக்கு அப்படி உட்கார்ந்தவன் மகன். அவன் தொழிற்சாலைக்குப் போனபின் கோர்வை நின்றது. சாதாரணச் சேலைதான் நெய்கிறார், கூலியும் குறைந்தது. மகனைக் குறை சொல்லவில்லை. "நான்தான் போகச் சொன்னேன். இந்தக் குழிக்குள் அவன் காலையும் விடச் சொல்லலாமா?" என்றார்.

பிறகு சிறிது நேரம் மழை மட்டும். அதன்பின் சொன்னார்: "அந்த வருடம்தான் ஐயா, அறுப்பின் பண்டிகையில் நீங்கள் பட்டியல் வாசித்தீர்கள்."

அன்பானவர்களே, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆலயக் கட்டட நிதிக்குப் பொருத்தனை செய்து இன்னும் செலுத்தாதவர்களின் பெயர்களை நான் பீடத்திலிருந்து வாசித்தேன். பதினோரு பெயர்கள். அவருடையது நான்காவது, தொகை ஐயாயிரம். அவர் மனைவி அன்று பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாராம். அந்தப் பணத்தை அவர் அடுத்த மாதமே கடன் வாங்கிக் கட்டிவிட்டார். ரசீது போட்டவன் நான்தான். ரசீது போட்ட கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மூன்று முறை வீட்டுக்குப் போய் அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கும் அவர் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. வாருங்கள் என்று சொல்லவே தெரிந்திருந்தது.

ஆரணியைவிட்டு எட்டாத தூரம் வந்து, ஒழுகுகிற துணிக்குக் கீழே ஒரே பாயில் படுத்த பிறகுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது, என்னால் கேட்கவும் முடிந்தது. லேவியராகமத்தில் கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கூடாரப் பண்டிகையை நியமித்ததைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். வீடு கட்டி வாழ்கிற ஜனம் வருடத்தில் ஏழு நாள் வீட்டைவிட்டு, மரக்கிளைகளால் செய்த குடிசையில் தங்க வேண்டும். முற்பிதாக்கள் வனாந்தரத்தில் அலைந்ததை மறவாதபடிக்கு என்றுதான் விளக்குவேன். அந்தக் குடிசையில் பொருத்தனை செலுத்தியவனுக்கும் செலுத்தாதவனுக்கும் ஒரே தழைக்கூரை என்பது எனக்கு அந்த இரவுவரை படவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "தூங்குங்கள் ஐயா, காலையில் இறக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டும்" என்றார். நான் தூங்கவில்லை. அவர் தூங்கினார் என்று குறட்டையால் அறிந்தேன்.

சனிக்கிழமை மதியம் ஊர் திரும்பினோம். ஞாயிறு ஆராதனையில் அந்தப் பட்டியலுக்காக உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன்; அந்தப் பதினோரு வீடுகளுக்கும் நேரில் வருவேன் என்றும் சொன்னேன். இதுவரை ஆறு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். அதற்கும் நான் பாத்திரன்தான். மறுபடியும் போவேன்.

அந்த ஞாயிறு நெசவாளர் வரவில்லை, மகன் வந்தான். இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றேன். மகன் இதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

திங்களன்று அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல் நாற்காலி எடுக்க எழுந்தார். வேண்டாம் என்று சொல்லி, தறிக்குழியின் ஓரத்தில், மகன் முன்பு உட்கார்ந்த பக்கத்தில் தரையில் அமர்ந்தேன். அந்தக் கரை நாடாவை எறியக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். என் விரல்களைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதற்கு நீங்கள் லாயக்கில்லை ஐயா. காபியைக் குடியுங்கள்" என்றார். இருவரும் பாவைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம்.