எட்டுச் சுற்று

திருவெள்ளறைக்கு ரயில் கிடையாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறி, காவிரியும் கொள்ளிடமும் தாண்டி, மண்ணச்சநல்லூரும் தாண்டி வந்தால் வெள்ளைப் பாறைமேல் கோயில் தெரியும். அதுதான் ஊர். அந்த பஸ் போய்ச் சேருகிற துறையூருக்கும் ரயில் கிடையாது. ஆகவே எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தைச் சுற்றி ஓடும் 34 மீட்டர் பாதைதான் இந்த ஊருக்கு வந்த முதல் ரயில் என்று சொல்லிக்கொள்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

மாதிரி ரயில் என்றதும் பலருக்கும் மேசைமேல் ஓடும் குட்டி ரயில்தான் நினைவுக்கு வரும். புனேயில் கோத்ருட் பகுதியில் 1998 முதல் ஜோஷி குடும்பத்தார் நடத்தும் அருங்காட்சியகம் அந்த வகை. மலை, ஊர், சிக்னல், விளக்கு எல்லாம் ஒரு அறைக்குள். அங்கே மழை பெய்யாது, இலை விழாது. தோட்ட ரயில் அப்படி இல்லை. மண்ணில் ஜல்லி கொட்டி, அதன்மேல் தண்டவாளம் போட்டு, வெயிலிலும் மழையிலும் வருஷம் முழுக்க விட்டுவிட வேண்டும். இங்கிலாந்தில் இது நூறு வருஷத்துக்கும் மேலான பொழுதுபோக்கு. அங்கே குளிரோடு மல்லுக்கட்டுவார்கள். இங்கே வெயிலோடு.

எனக்கு இந்த ஆசை வந்தது ஒரு எண்ணைப் பார்த்து. ஜெர்மனியில் லேமன் என்ற பொம்மை நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் தோட்ட ரயில் விற்க ஆரம்பித்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். அளவு விகிதம் 1-க்கு 22.5. ஐரோப்பிய மலைப் பகுதிகளில் ஓடும் மீட்டர் கேஜ் ரயில்களை மனதில் வைத்துச் செய்த விகிதம் அது. 1000 மில்லிமீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும். அதாவது உலகம் முழுக்கத் தோட்டங்களில் ஓடும் அந்த 45 மில்லிமீட்டர் பாதை, அப்படியே நம்ம திருச்சியின் பழைய மீட்டர் கேஜ். நம்முடைய அகலப்பாதையை இதே விகிதத்தில் செய்ய வேண்டுமென்றால் 74.5 மில்லிமீட்டர் தேவை. அதைக் கடையில் யாரும் விற்பதில்லை. ஊரில் பிடுங்கி எடுத்துவிட்ட பாதை மட்டும்தான் பெட்டியில் போட்டு விற்பனைக்குக் கிடைக்கிறது.

திருச்சிக்கு முதலில் வந்தது அகலப்பாதைதான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக 1860-களின் தொடக்கத்தில் போட்டது. 1870-இல் மேயோ பிரபு காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் என்று முடிவானதும், அடுத்த சில வருஷங்களில் அதையும் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். பிறகு தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாகத் திருச்சி வளர்ந்தது, 1928-இல் பொன்மலைப் பணிமனை வந்தது, எல்லாமே அந்த ஒரு மீட்டர் இடைவெளியை நம்பித்தான். 1992-இல் ஒரே நாடு முழுக்க ஒரே பாதை என்ற திட்டம் தொடங்கியது. 90-களின் பிற்பகுதியில் ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர் வழியாக விழுப்புரம் போகும் கார்டு லைன் அகலமானது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் ஓடுவது நீலகிரியில் மட்டும்.

அந்தக் கார்டு லைனில் அப்பா கீமேனாக இருந்தார்.

கீமேன் என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோடு பிடித்துவைக்க ஆப்பு மாதிரி இரும்புத் துண்டு அடித்திருப்பார்கள். அதுதான் கீ. ரயில் போகப் போக அதிர்வில் அது தளரும். தினமும் ஒரு ஆள் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துக்கு வெடிக்கிற பட்டாசு எல்லாம் தூக்கிக்கொண்டு, தனக்கென்று ஒதுக்கிய தூரத்தை நடந்து, தளர்ந்த கீயை அடித்துக்கொண்டே போக வேண்டும். அப்பாவுக்கு 6 கிலோமீட்டர். அகலப்பாதை வந்தபோது கான்கிரீட் சிலிப்பரும் எஃகுக் கிளிப்பும் வந்தன. "பேரு மட்டும் கீமேன்டா, கீ எங்க இருக்கு?" என்பார். ஆனாலும் ஓய்வு பெறும்வரை நடந்தார். ஓய்வு பெற்ற மறுநாள் நிறுத்திவிட்டார். சர்க்கரை இருக்கு, தினமும் நடங்க என்று டாக்டர் சொன்னதற்கு அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை: "வேலை இல்லாம எதுக்கு நடக்கணும்?"

*

கொல்லை ஐம்பது அடி நீளம், இருபது அடி அகலம். முதல் சிக்கல் வளைவில் வந்தது. மீட்டர் கேஜில் அனுமதித்த மிகக் கூர்மையான வளைவு 16 டிகிரி. ஆரம் சுமார் 109 மீட்டர். அதை 22.5-ஆல் வகுத்தால் 4.8 மீட்டர். அதாவது நிஜத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால், ரயில் திரும்புவதற்கே கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம் வேண்டும். பெட்டியில் வருகிற பொம்மை வளைவுகளின் ஆரமோ 60 சென்டிமீட்டர். நான் செய்ய நினைத்தது ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின். இந்த விகிதத்தில் அதன் நீளமே 70 சென்டிமீட்டரைத் தொடும். 60 சென்டிமீட்டர் வளைவில் அதை விட்டால் பாதி உடம்பு வெளியே தொங்கும். கடைசியில் 2.4 மீட்டர் ஆரத்தில் இரண்டு அரைவட்டம், நடுவில் இரண்டு நேர்பாதை என்று முடிவு செய்தேன்.

எஞ்சின் உடம்பை முப்பரிமாண அச்சில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன். தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி ஓட்டுவது வழக்கம். ஆனால் வெளியே கிடக்கும் பித்தளை கறுக்கும். ஓட்டும் முன் ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டும். அதனால் எஞ்சினுக்குள்ளேயே லித்தியம் பேட்டரி, ஒரு சின்ன வைஃபை பலகை, போனில் ஒரு பக்கம். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு இந்த இடம் சுலபம். இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. முடித்துவிட்டு, ரயில்வேயே முடிந்துவிட்டது என்று நினைத்துத் திண்ணைக்கு வந்தேன்.

அப்பா எஞ்சினைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். "சரி, இது எதுமேல ஓடப்போவுது?"

அன்றிலிருந்து வேலை அவர் கைக்குப் போனது. எங்கள் கொல்லையில் ஒரு முழம் தோண்டினாலே பாறை. கடப்பாரை துள்ளும். தோண்ட முடியாத இடத்தில் மண் கொட்டி உயர்த்தலாம் என்றார். கட்டடத்துக்கு வாங்கும் முக்கால் ஜல்லி இந்த அளவில் பாறாங்கல் மாதிரி இருக்கும். கால் ஜல்லிச் சிப்ஸ் வாங்கிச் சலித்தோம். கூழாங்கல் வேண்டவே வேண்டாம் என்றார். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, உடைத்த கல்தான் கோர்த்துக்கொண்டு கட்டையை நகரவிடாமல் வைக்கும். இதை நான் பொறியியல் கல்லூரியில் படித்திருக்கலாம். கணினிப் பிரிவில் சொல்லித்தரவில்லை.

பிறகு வெயில். இதுதான் தோட்ட ரயிலின் மையமான விஷயம் என்று நினைக்கிறேன். பெட்டியை, எஞ்சினை, பாலத்தை எல்லாம் 22.5-ஆல் வகுத்துவிடலாம். வெயிலை வகுக்க முடியாது. நிஜத்தில் 12 மீட்டர் எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளும். எங்கள் நேர்பாதை ஒன்பதரை மீட்டர். அதே 30 டிகிரிக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல். இடம் விடாமல் போட்டால் மே மாத மதியத்தில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அப்பா தண்டவாளத்தை விடியற்காலையிலும் போடவிடவில்லை, உச்சி வெயிலிலும் போடவிடவில்லை. காலை பத்து மணிக்கு, தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றைச் சொருகி, பூட்டிவிட்டு உருவினார். கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். ஆறு இணைப்பு. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பத்து மணிச் சூட்டிலிருந்து மதியச் சூட்டுக்கு மீதி நீள்வதற்கு அந்த இடம் போதும். மூன்று கோடை ஆகிவிட்டது. நெளியவில்லை.

மழையையும் வகுக்க முடியாது. 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தக் குட்டி உலகத்துக்கு அது ஒரு மீட்டருக்கு மேல். முதல் ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை, மாமரத்துப் பக்கம் மேட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் பார்த்தால் தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் பாலம் மாதிரி தொங்குகிறது. ஜல்லி முழுக்கத் துளசி மாடத்தடியில். நான் கரையை இன்னும் உயர்த்தி சிமென்ட் போடலாம் என்றேன். அப்பா, "தண்ணி வர்ற வழிய மறிச்சா அது உன்னத் தேடி வரும். வழி விடு" என்றார். இரண்டு இடத்தில் பிவிசி குழாய் புதைத்தோம். இன்னும் ஒரு இடத்தில் அடியில் கல் அடுக்கி மதகு கட்டினார்.

அதைக் கட்டும்போதுதான் அரியலூர் பற்றிப் பேசினார். 1956 நவம்பர் 23, விடிவதற்கு முன், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். நாம் பள்ளியில் படிப்பது அந்த ராஜினாமாவை. அதே கார்டு லைனில் வேலைக்குச் சேர்ந்த அப்பாவுக்கு, பழைய ஆட்கள் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்: ராத்திரி ரோந்து போகும்போது தண்ணி சத்தம் மாறுதான்னு கேளு. மழைக்காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே விளக்கோடு நடந்து, எல்லையில் சந்தித்து, கையிலிருக்கும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள். நடந்து வந்ததற்கு அதுதான் சாட்சி. "வந்து நிக்கிற ஆளோட மூஞ்சி தெரியாது. விளக்கு தெரியும். விளக்கு வந்துட்டா பாதை இருக்குன்னு அர்த்தம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வேலையைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

*

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகன் வருவான். அவனுக்கு வேகம் வேண்டும். தாத்தாவுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் போதும். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு அரை மீட்டர், ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் பத்து விநாடி. "மாமா, தாத்தாவுக்குத் தெரியாம ஸ்பீடு வைங்க" என்பான். அம்மா வடாம் காயப்போட்டிருந்தால் அன்றைக்கு ரயில் ரத்து. இதில் மேல்முறையீடு கிடையாது.

ரயில் வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிறது. பாதையை வாரம் ஏழு நாளும் பார்க்க வேண்டியிருக்கிறது. வேப்பம்பழம் நசுங்கினால் சக்கரம் வழுக்கும். ஜல்லிக்குள் எறும்பு புற்று வைக்கும். மயில் வந்து கிளறிவிட்டுப் போகும். பிளாஸ்டிக் சிலிப்பர் வெயிலில் வெளுத்து முறியும். மழை விட்டதும் ரயில்பூச்சிகள் வரிசையாகத் தண்டவாளத்தைக் கடக்கும், அப்போது நிஜ ரயில்தான் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அப்பா பார்த்துக்கொள்கிறார். ஒரு மீட்டருக்கு ஒன்று என்று 34 குட்டிக் கம்பம் நட்டு, பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறார். காலையில் காபி குடித்ததும் எட்டுச் சுற்று நடக்கிறார்.

ஏன் எட்டு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 34-ஐ எட்டால் பெருக்கினால் 272 மீட்டர். அதை 22.5-ஆல் பெருக்கினால் 6 கிலோமீட்டர், சொச்சம். கேஜ் எண்ணும் விகிதமும் நான்தான் அவரிடம் சொன்னேன். மீதிக் கணக்கை அவரே போட்டிருக்கிறார். 272 மீட்டர் நடந்தால் சர்க்கரை குறையாது என்று அக்கா சொல்கிறாள். அவர் குனிந்து குனிந்து எழுவதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

என் வேலையும் ஏறக்குறைய இதுதான். ஒரு நிறுவனத்தின் சர்வர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது. விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும், மறுநாள் எல்லோருக்கும் என் பெயர் தெரியும். எதுவுமே விழாத மாதத்தில் நான் என்ன செய்தேன் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. அரியலூர் நமக்குத் தெரியும். பாதை அறுந்ததை யாரோ ஒருவர் விளக்கோடு பார்த்து ரயிலை நிறுத்திய ராத்திரிகள் நமக்குத் தெரியாது. எதுவும் நடக்காததால் அவை செய்தியாகவில்லை. திருச்சியில் 2014-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போனபோதும், நாங்கள் எல்லோரும் எஞ்சின் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டோம். அப்பா எஞ்சினைப் பார்க்காமல், அது நிற்கிற தண்டவாளத்தின் இணைப்பைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு கிணறு இருக்கிறது. மார்ப்பிடுகு பெருங்கிணறு. ஸ்வஸ்திக வடிவம், நான்கு பக்கமும் படி. பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1200 வருஷத்துக்கு முன்னால் கம்பன் அரையன் என்பவர் வெட்டியது. படம் எடுக்க வருகிறவர்கள் வடிவத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே இருக்கும் கல்வெட்டு, வெட்டியவர் பெயரோடு நிற்கவில்லை. இதைக் காக்கிறவர்கள் இவ்வூர் மூவாயிரத்து எழுநூற்றுவர் என்றும் சொல்கிறது. கட்டியவருக்குப் பக்கத்திலேயே காப்பவர்களையும் எழுதி வைத்த ஊர் இது. அந்த வரியைச் சின்ன வயசிலிருந்தே யாராவது படித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது, கொல்லையில் ஜல்லி சலித்த பிறகுதான்.

தோட்ட ரயில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எஞ்சினில் ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள். பிறகு ஜல்லி. எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் வரும்.

அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தேதி, கம்பம் எண், என்ன பார்த்தார், என்ன செய்தார். "9: எறும்பு. 17: ஜல்லி இறங்கி இருக்கு, போட்டாச்சு. 22: பழம்." பாதிக்கு மேற்பட்ட நாட்களில் தேதிக்கு எதிரே ஒரே வார்த்தைதான்: சரி. இந்த வாரம் மூன்றாவது நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன் இன்னொரு மதகு கட்ட வேண்டுமாம்.