பெயரும் குருதியும்

போர்த்துக்கேய மொழியிலே 'பெரெய்ரா' என்பது பேரி மரத்தைக் குறிக்கும். 1497ஆம் ஆண்டில் மன்னன் முதலாம் மனுவேல் யூதரைக் கட்டாயமாக மதம் மாற்றியபோது அவர்கள் மரப்பெயர்களைச் சூடினர் என்றும், எனவே பெரெய்ராக்கள் யாவரும் யூத வழியினரே என்றும் கூறுவோர் பலர். ஆயின், 1385இல் அல்ஜுபரோட்டாப் போரில் வெற்றியீட்டிய தளபதி நூனோ ஆல்வரெஸ் பெரெய்ரா அதற்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டவர். பேரி மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் பல; ஆதலின் இப்பெயருக்குத் தோற்றுவாயும் பலவாகும். மதம் மாறியோர் நாட்டில் ஏலவே வழங்கிய பெயர்களையே ஏற்றனர்.

தந்தைவழிப் பெயரைப் போன்றே வை நிறமூர்த்தமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐபீரிய ஆடவரின் தந்தைவழி மரபில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செபார்டிய யூதருக்கும், 10 சதவீதத்தை வட ஆபிரிக்கருக்கும் உரியதென மதிப்பிட்டது. அக்கலப்பு மக்கள் அனைவரிடையேயும் பரந்து கிடப்பது. ஒரு பெயருக்குள் அடங்குவதன்று.

ஈழத்துப் பெரேராக்களுட் பெரும்பாலோர்க்கு இப்பெயர் ஞானஸ்நானத்தின் வழி வந்ததேயன்றிக் குருதி வழி வந்ததன்று. பெயர் கடல் கடந்தது, குருதி கடக்கவில்லை.

'பழைய கிறித்தவர்', 'புதிய கிறித்தவர்' என மாந்தரைக் குருதியாற் பிரித்த சட்டத்தைப் போர்த்துக்கல் 1773இல் ஒழித்தது. பெயரைக் கொண்டு குலத்தை அளக்கும் மனம் ஒழிய இன்னும் எத்துணைக் காலம் செல்லுமோ?