மார்பளவு நீரில் ஒரு பரீட்சை

ஒருமுறை கற்ற வித்தை என்றும் கைவிடாது என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியதொன்றாகும். நீச்சலையும் துவிச்சக்கரவண்டி ஓட்டுதலையும் அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால், காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் சுமந்து நீருக்கடியிற் சுவாசிக்கும் வித்தை அவ்வகையைச் சேர்ந்ததன்று என்பதை நிலாவெளியிற் கழிந்த இரு விடுமுறைக்காலங்கள் எனக்கு உணர்த்தின.

திருகோணமலைக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது நிலாவெளி. அதன் கரைக்கு அப்பால், 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாத்தீவு அமைந்துள்ளது. கிழக்குக் கடல் அமைதிகொள்ளும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலே பவளப்பாறைகளைக் காண உல்லாசப் பயணிகள் வருவர். அவர்களைச் சுழியோட அழைத்துச் செல்லும் நிலையமொன்றிலே பதிவேடு எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் என் பணிகளாயிருந்தன.

வருவோரிற் பலர் சான்றிதழ் பெற்ற சுழியோடிகள். அச்சான்றிதழ் பொதுவாகக் காலாவதியாவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் பெற்றதும் சென்ற மாதம் பெற்றதும் அட்டையளவில் ஒன்றே. ஆதலால், அட்டையைப் பார்த்தபின் இரு வினாக்களைக் கேட்குமாறு எனக்குப் பணிக்கப்பட்டிருந்தது. கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? இதுவரை எத்தனை தடவை இறங்கியிருக்கிறீர்கள்? இடைவெளி ஆறு மாதத்தையோ ஓராண்டையோ கடந்திருப்பின், படகேறுமுன் மார்பளவு நீரிலே அவர்களுக்கு ஒரு சிறு பரீட்சை நடைபெறும்.

அப்பரீட்சையிலே புதுமை எதுவுமில்லை. இறங்குமுன் இருவர் இருவராக நின்று, ஒருவரது மிதவை அங்கி, ஈயக்கட்டிகள், கொளுவிகள், காற்று ஆகியவற்றை மற்றவர் தொட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர் நீருள் முழந்தாளிட்டு முகக்கண்ணாடிக்குள் நீரை வரவிட்டு, அதன் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கினால் ஊதி அந்நீரை வெளியேற்றுதல் வேண்டும். வாயிலிருந்து கழற்றிவிட்ட சுவாசக் கருவியைக் கையைப் பின்னோக்கி வீசித் தேடிப்பிடித்தல் அடுத்தது. கருவி வாயில் இல்லாத அச்சிறு பொழுதிலும் மூச்சை அடக்காது, சிறு குமிழிகளாகக் காற்றை வெளிவிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அதன்பின் சற்று ஆழத்துக்குச் சென்று, அமிழாமலும் எழாமலும் அந்தரத்தில் நிற்றல். ஈற்றில், காற்றுத் தீர்ந்ததெனக் கழுத்துக்கு நேரே கையை அசைத்துக் காட்டும் துணைவருக்குத் தம் மேலதிகக் கருவியைக் கொடுத்து, இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து சுவாசித்தவாறு மெல்ல மேலெழுதல். கடலடியிலே பேச்சில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்பது கரையிலுள்ள பொருள்; நீருள் அதற்கு 'மேலே போவோம்' என்பதே பொருள். மொழிபெயர்ப்பாளனாகிய என் வேலை நீர் விளிம்போடு முடிந்துவிடும்.

இவ்வளவு எளியவற்றைக் கற்றறிந்தோரிடம் மீண்டும் ஏன் கேட்டல் வேண்டும்? விடை பாடசாலையிற் கற்ற போயிலின் விதியிலே உள்ளது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நீர்மட்டத்திலுள்ளதைப் போல் இருமடங்காகும். அங்கே நிறைய உள்ளிழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்கு கனவளவைக் கொள்ளும். மூச்சை அடக்கியவாறு எழுபவரின் நுரையீரல் அதைத் தாங்காது கிழியலாம். ஓரிரு மீற்றர் ஆழத்திலிருந்துகூட அவ்வாறு எழுதல் ஆபத்தானதே. மூக்கிலே நீர் ஏறியவுடன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வது மனித இயல்பு. அவ்வியல்பைப் பயிற்சியாற் கட்டுப்படுத்துவதே சுழியோடியின் கல்வி. பயிற்சி நின்றால், முதலில் மறைவது அக்கட்டுப்பாடே.

சென்ற ஆண்டு வந்த பயணி ஒருவர் தம் அட்டையை மேசைமீது வைத்து, தம்மைச் சிறுபிள்ளைபோல் நடத்துவதாகச் சினந்தார். எட்டாண்டுகளாக அவர் கடலில் இறங்கியதில்லை. பயிற்றுநரான அண்ணன் அமைதியாக அவரை நீருக்குள் அழைத்துச் சென்றார். கண்ணாடிக்குள் நீர் புகுந்த மறுகணமே அம்மனிதர் இருமியவாறு எழுந்து நின்றுவிட்டார். அங்கே எழுந்து நிற்க முடிந்தது. அண்ணன் சிரிக்கவில்லை, 'அவசரமில்லை, இன்னொருக்கால் பாப்பம்' என்று சொல்லும்படி என்னிடம் கூறினார். நான்காம் முறை அவர் செவ்வனே செய்தார். அடுத்த வாரம் வந்த, அறுபது வயது கடந்த மாதொருவரோ இருநூறு தடவைக்கு மேல் இறங்கியவர். நான் வினவுமுன்பே தம்மைச் சோதிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார்.

அம்மாதின் அடக்கம் என்னைச் சிந்திக்க வைத்தது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் சிலிண்டரை அறியார். நீர்மேல் இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு எழுந்தமையால், விரியும் காற்றினால் நுரையீரல் கிழியும் அச்சம் அவர்களுக்கிருக்கவில்லை. அவர்களது உயிர் வேறொன்றிலே தங்கியிருந்தது: தோணியிலிருந்து கயிறு பிடித்தவரின் கவனத்திலே. இன்றைய சுழியோடிக்குக் கயிறில்லை. அருகில் நீந்தும் துணைவரே அவரது கயிறு. ஆகவே, காற்றைப் பகிரும் பயிற்சியை ஒருவர் மறந்திருப்பின் அந்த இழப்பு அவரோடு நின்றுவிடுவதில்லை. அவரை நம்பி இறங்கியவரும் அதைச் சுமக்க நேரிடும்.

இவ்விடத்தில் என் தாய்மாமனை நினையாதிருக்க இயலவில்லை. அவரும் சுழியோடியே. வடக்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்கும் சங்குக்குமாகச் சிலிண்டரோடு இறங்கும் தொழிலாளரில் அவரும் ஒருவர். அவருக்கு அட்டையுமில்லை, பயிற்சியுமில்லை. கரையோரத்தில் அட்டை அருக, ஆழமான இடங்களை நாடி ஒரே நாளிற் பல சிலிண்டர்கள் முடியும்வரை இறங்கினார். ஆழத்திலே உடலிற் கரைந்த நைதரசன், விரைந்து எழும்போது குமிழிகளாகிப் பாரிசத்தை உண்டாக்கக்கூடும் என்பதை அவருக்கு எவரும் கூறவில்லை. ஒரு மாலை படகில் ஏறியவருக்குக் கால்கள் மரத்தன. இன்று கோலூன்றியே நடக்கிறார். நிலாவெளிப் பரீட்சையைப் பற்றி நான் விவரித்தபோது நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "படிச்சுப்போட்டு வந்த ஆக்களையுமோ மருமகன் சோதிக்கிறவை? எங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

மார்பளவு நீரில் நிகழும் அப்பரீட்சை மட்டும் அவர் கால்களைக் காத்திருக்கும் எனக் கூறேன். ஆயின், இன்று எத்தனை தடவை இறங்கினாய், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று கேட்க ஒருவர் இருந்திருப்பின் காத்திருக்கக்கூடும். பொழுதுபோக்குக்காக இறங்குவோருக்கு உள்ள இக்கேள்வி, வயிற்றுக்காக இறங்குவோருக்கு இல்லாதிருப்பது நியாயமன்று. பயிற்றுநரும் கருவிகளும் இதே கரையில் உள்ளபோது, உல்லாச விடுதிக்கும் மீன்வாடிக்கும் இடையிலுள்ள சில நூறு யார் தூரம் கடக்க முடியாததும் அன்று.

பட்டச் சான்றிதழை எதிர்நோக்கி நிற்கும் நாம், நம்மைச் சோதிப்போரை நம் மதிப்பைக் குறைப்போராக எண்ணுகிறோம். சோதிக்கப்படாமையே மதிப்பின் அடையாளம் என்றும் கருதுகிறோம். என் மாமனின் வாழ்வு அதற்கு மறுதலையானது. அவரை எவரும் சோதிக்கவில்லை. அவர் உயிரை எவரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்பதே அதன் காரணம். ஒருவனைப் பார்த்து 'உனக்கு இது இன்னும் நினைவிருக்கிறதா?' எனக் கேட்பது, அவன் திரும்பி வருதல் வேண்டும் என விரும்புவோர் கேட்கும் கேள்வி.