கரிசலும் மலையடியும்: மூன்று நாள் நடந்து பார்த்த பாதை

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று பேர். "கார்ல உக்கார வச்சுச் சுத்திக் காட்டாத தம்பி. பிள்ளைங்க நடக்கணும், ஏறணும், வேர்க்கணும்" என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அரையாண்டு விடுமுறைக்கு அவளுடைய மூத்த மகள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பதின்மூன்று வயது. அவளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் முன்னோட்டமாகப் போய்வந்தேன். பிள்ளையின் கால் எவ்வளவு தாங்கும் என்பது பிள்ளையோடு நடந்தால்தானே தெரியும்?

விருதுநகர் மாவட்டத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கிழக்கே கரிசல், மேற்கே மலை. இரண்டு வேறு சீமைகள், ஒரே ரயில் பாதை. மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வரிசையாகத் தொட்டுப் போகிறது. கரிசலில் ஏறி உட்கார்ந்தால் மலையடியில் இறங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் விருதுநகர். இந்த ஊருக்கு வண்டியே வேண்டாம். காமராஜர் பிறந்து வளர்ந்த வீடு, ஊர் நடுவே தெப்பக்குளம், பராசக்தி மாரியம்மன் கோயில், மெயின் பஜார் எல்லாம் நடை தூரம்தான். காமராஜர் வீடு இப்போது அரசு நினைவில்லம். குறுகலான தெருவில் மற்ற வீடுகளோடு ஒட்டி நிற்கிற சின்ன வீடு. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவரின் வீடு இவ்வளவுதானா என்று பிள்ளை இரண்டு முறை கேட்டாள். இந்த ஊர்க்காரரான சங்கரலிங்கனாரைப் பற்றியும் சொன்னேன். மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்ட வேண்டும் என்பதை முதன்மையாக வைத்து 1956இல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டவர். அதன் பிறகு தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

பஜாரில் மல்லி, மிளகாய் வத்தல், பருப்பு மூட்டைகளின் வாசம் தெருவுக்கே வந்துவிடும். சாயங்காலம் பரோட்டாக் கடை. இங்கே பரோட்டாவைத் தட்டையான கல்லில் போட்டுத் திருப்புவதில்லை. நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. மாஸ்டர் உள்ளங்கை அளவு பரோட்டாக்களை அதற்குள் சரித்துவிடுகிறார். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று ஆனதும் கரண்டியால் கல்லின் மேட்டுக்கு ஒதுக்கி எண்ணெயை வடிய விடுகிறார். இலையில் விழுந்ததும் நொறுக்கி, சால்னாவை ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அன்றைக்கு நாங்கள் நடந்த நடைக்கு ஆளுக்கு நாலு போனது.

இரண்டாம் நாள் காலை ரயிலில் திருத்தங்கல் இறங்கினோம். சின்னக் குன்று, மேலே நின்ற நாராயணப் பெருமாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. படிகள் அதிகமில்லை. மூட்டுவலி உள்ள பெரியவர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். மேலிருந்து பார்த்தால் சிவகாசிப் பக்கத்து வெட்டவெளி தெரிகிறது. மேற்கே நீல நிறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை.

"மாமா, மலை இவ்ளோ பக்கத்துல இருக்கே, இங்க ஏன் மழை இல்லை?"

அந்தக் கேள்வியில்தான் எங்கள் பயணத்தின் முடிச்சே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை அந்த மலை கேரளத்துப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் வருவது வறண்ட காற்றுதான். மழையை நம்பிய விவசாயம் கைகொடுக்காத சிவகாசியிலிருந்துதான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். ஈரமில்லாத காற்று தீக்குச்சிக்கு ஒத்துவந்தது, பிறகு பட்டாசுக்கு, பிறகு அச்சுக்கு. மலை மறித்த மழைதான் சிவகாசியைத் தொழில் ஊராக்கியது. இரண்டு சீமைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் புரியும் என்று சொல்வது இதனால்தான்.

சிவகாசியில் பிள்ளைகளுக்குக் காட்ட அச்சுத் தொழில் இருக்கிறது. அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆடிப் பதினெட்டிலேயே வெளியிட்டுவிடுகிற ஊர் இது. தெரிந்தவர் ஒருவரின் அச்சகத்தில் தினசரிக் காலண்டர் தாள்களை அடுக்கித் தைக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்றோம்.

பட்டாசு ஆலையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே அதைப் 'பயர் ஆபீஸ்' என்பார்கள். வெம்பக்கோட்டைச் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் கம்பிவேலி, வேப்பமரங்கள், அவற்றின் நடுவே ஒன்றுக்கொன்று எட்டத்தில் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். காலையில் தூக்குவாளியோடு வேன்களில் போகிறவர்களைப் பார்த்தோம்.

சாலையோர டீக்கடையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பருத்திச் சேலை. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளி பூசினாற்போல மினுங்கியது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"அலுமினியப் பவுடரு பாப்பா. சோப்புப் போட்டாலும் போகாது. நகக்கண்ணுல தங்கிரும்."

"உள்ள வந்து பாக்கலாமா ஆச்சி?"

"வேண்டாம் தாயி. அது வேடிக்கை பாக்குற எடமில்ல."

அவர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். எங்கள் திட்டத்தில் பயர் ஆபீஸ் கிடையாது. டவுனில் உரிமம் பெற்ற கடையில் மத்தாப்புப் பெட்டி வாங்குவதோடு சரி.

மத்தியானம் வெம்பக்கோட்டை. வைப்பாற்றின் கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022இல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. உச்சி வெயிலில் அந்த மேட்டில் நடப்பது கடினம். அக்கா குடும்பத்துக்கு இதை மாலை நான்கு மணிக்கு மாற்றிவிட்டேன். பிள்ளைகளுக்குத் தொப்பியும் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி என்பதால் இருட்டோடு எழுந்து ஆண்டாள் கோயிலுக்குப் போனோம். பதினொரு நிலைக் கோபுரம் பனியில் நின்றது. உள்ளே திருப்பாவை. ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாக இலைகளால் கட்டப்படுவது, மூக்குக்கு மாதுளம்பூ. நாளைக்கு வேறு கிளி வரும் என்றதும், பொங்கலுக்கு வரும்போது அன்றைய கிளியையும் பார்க்க வேண்டும் என்றாள் பிள்ளை.

அங்கிருந்து மலையடியில் செண்பகத்தோப்பு. கரிசல் முடிந்து மாந்தோப்பும் தென்னையும் தொடங்குகின்றன. காற்றே வேறு. இது 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி கேட்டு, அவர்கள் விட்ட தூரம் வரை நடந்தோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு உச்சிக் கிளை ஆடியது. உடம்பைவிட நீளமான வாலைத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் காயைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது அணில். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கொட்டையைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது.

சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுவதை இந்த முறை விட்டுவிட்டேன். தாணிப்பாறையிலிருந்து ஏறி இறங்க ஒரு நாள் முழுக்க வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. மழை நாளில் காட்டாறு சட்டென்று பெருகும். 2015 மே மாதம் அங்கே பக்தர்கள் வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். அதற்குப் பதில் வத்திராயிருப்பு வழியாகக் கூமாபட்டிக்கும் பிளவக்கல் அணைக்கும் போவதாகத் திட்டம். அணைத் தண்ணீரில் இறங்காமல், கரையில் நடந்தால் போதும்.

மலையடியில் பிறக்கும் அர்ச்சுனா ஆறு கரிசலுக்குள் ஓடி, இருக்கன்குடி மாரியம்மன் கோயில் அருகே வைப்பாற்றில் சேர்கிறது. திரும்பும் வழியில் அந்த ஆற்று மணலில் பிள்ளைகளை விளையாட விட்டு, சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொண்டால் பயணம் நிறைந்துவிடும்.

மூன்று நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேர நடை, நடுப்பகலில் ஓய்வு. எட்டு வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளையும் இதைத் தாங்கும். குடும்பத்தோடு இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் வனத்துறை போட்ட எல்லையைத் தாண்டாதீர்கள். கரிசலில் பயர் ஆபீஸ் கேட்டைத் தட்டாதீர்கள். பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தும்போது, அந்த அம்மாவின் நகக்கண்ணில் தங்கிய வெள்ளியைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள்.